கருப்பர் விட்டுக்கொடுத்த பாட்டில்

ஆவுடையப்பனின் வெல்டிங் பட்டறை, பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை போகிற ரோட்டில், ஊருக்குள் திரும்புகிற முக்கிலேயே இருக்கிறது. இரும்பு கேட், ஜன்னல் கிராதி, டிராக்டர் டிரெய்லர், எதைக் கொடுத்தாலும் செய்து தருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அந்தப் பக்கம் போய்ப் பிரயோசனமில்லை. ஷட்டர் இறங்கியிருக்கும். போன் அடித்தால் எடுக்க மாட்டார். அவசரம் என்று வீட்டுக்கே போனால் அவர் சம்சாரம் அமிர்தவல்லி வாசலுக்கு வந்து, "அவுக சாப்புட்டுக்கிட்டு இருக்காக. நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

சாப்பாடு என்றால் கறியும் சோறும் மட்டுமில்லை. சில்வர் டம்ளரில் ஒரு விரல் அளவுக்குக் கொக்கு. இது ஊருக்கே தெரியும்.

கொக்கு என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். ஸ்காட்லாந்து தேசத்துச் சரக்கு. சிங்கிள் மால்ட் விஸ்கி என்பார்கள். லேபிளில் ஒரு கொக்கு தண்ணீருக்குள் ஒற்றைக்காலில் நிற்கும். மேலே எழுதியிருக்கிற பெயரில் பாதி எழுத்து நம் வாயில் வராது, மீதி எழுத்தை வெள்ளைக்காரனே சொல்வதில்லை. ஐந்தாவதோடு நிறுத்திய ஆளுக்கு அந்த வம்பு என்னத்துக்கு. கொக்கு என்றால் கொக்கு.

அது அவருக்கு அறிமுகமானது சிங்கப்பூரில். அங்கே கப்பல் கட்டுகிற யார்டில் வெல்டிங் வேலை. பெரிய கப்பல் ஒன்றைத் தண்ணீரில் இறக்கிய சாயங்காலம், லிம் என்கிற சீனக்கிழவன், அவன்தான் சூப்பர்வைசர், எல்லாருக்கும் காகிதக் கப்பில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தான். ஆவுடையப்பன் அதுவரைக்கும் குடித்ததெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் கவிழ்க்கிற சரக்கு. அதே பழக்கத்தில் இதையும் கவிழ்க்கப் போனார். கிழவன் கையைப் பிடித்துவிட்டான். மெதுவா, மெதுவா என்று சைகை காட்டினான்.

முதலில் வந்தது வைக்கோல் புகை. மழையில் நனைந்த வைக்கோலைக் கொளுத்தினால் வருமே, அந்தப் புகை. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரி வாடை. சீ என்று துப்பத்தான் வாயெடுத்தார். அதற்குள் கருப்பட்டிப் பாகு காய்கிற மாதிரி ஒரு இனிப்பு அடியிலிருந்து கிளம்பி வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. விழுங்கி ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் வரைக்கும் அது போகவில்லை. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை மூட்டிவிட்டு, பக்குவமாகத் தள்ளித் தள்ளி எரிக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு ஆவுடையப்பன் ரெண்டாவது கப் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் அவருக்கே ஆச்சரியம். குடித்தால் இன்னொன்று வேண்டும் என்று தோன்றாத சரக்கை அவர் அதற்கு முன்னால் கண்டதில்லை.

ஊருக்குத் திரும்பினார். கொக்குக்கு எங்கே போவது? கடைச் சரக்குதான். அதில் இன்னொன்று வேண்டும், அதற்கப்புறம் இன்னொன்றும் வேண்டும். சில வருஷத்தில் ஆள் உருப்படாமல் போய்விட்டார். மகள் ரம்யாவுக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் கந்தர்வகோட்டைப் பக்கமிருந்து வேன் வைத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பழம் வாங்கி வருகிறேன் என்று போன பெண்ணின் அப்பனைக் காணோம். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் வாழைத்தாரைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தாய்மாமன்தான் தட்டு மாற்றினார்.

அமிர்தவல்லி அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, "வாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லி ஊர் எல்லையில் இருக்கிற கருப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நம் பக்கத்தில் கருப்பருக்கு முன்னால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினால், பண்ணினதுதான். கோர்ட்டு மாதிரி அப்பீல் கிடையாது. பக்கத்து ஊரில் ஒருத்தன் வாய்க்கால் தகராறில் பொய்ச்சத்தியம் பண்ணி, அணைத்த கை அப்படியே இழுத்துக்கொண்டது என்று சொல்வார்கள். ஆவுடையப்பனுக்கு அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. வெல்டிங் பிடிக்கிற ஆளுக்குக் கை போனால் என்ன மிச்சம்?

பூசாரி ஆண்டியப்பன் தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினார்.

"இனி சரக்கு நாக்குல படாதுன்னு சொல்லுப்பா."

"இருங்கண்ணே," என்றார் ஆவுடையப்பன். "ஒரு விசயம் இருக்குல்ல. மாப்ள சிங்கப்பூர்ல வேல பாக்குறவரு. லீவுல வரும்போது மாமனாருக்குன்னு ஒரு பாட்டில் கொண்டாந்து நீட்டுவாரு. என்ன பிடிக்கும்னு ரம்யாகிட்ட கேட்டு விட்டிருக்காரு, நானும் கொக்குன்னு சொல்லிப்புட்டேன். நாளைக்கு அவரு ஆசையா நீட்டுறப்ப வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதா? பொண்ணக் குடுக்குற எடம்."

"சத்தியம்னா முழுசாச் சொல்லணும். ஓட்ட வச்சுச் சொல்லப்படாது," என்றார் பூசாரி.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. அமிர்தவல்லி யோசித்தாள். மாப்பிள்ளை முன்னால் இன்னொரு தடவை தலைகுனிய அவளுக்குத் தெம்பில்லை.

"வருசத்துக்கு ஒரு பாட்டிலா?"

"ஒண்ணே ஒண்ணு."

"அந்தக் கொக்கு மட்டும். வேற எது நாக்குல பட்டாலும் கருப்பரு கேக்கட்டும். நானும் கை வைக்கிறேன்."

ரெண்டு பேர் கையும் ஒன்றாகச் சூடத்தில் விழுந்தது. ஊரில் கொஞ்ச நாளைக்கு இதுதான் பேச்சு. கருப்பரிடமே வழி வைத்துச் சத்தியம் பண்ணிய ஆள் என்று டீக்கடையில் தட்டிக்கொடுத்தார்கள். ஆவுடையப்பனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

சொன்னபடி இருந்தார். அதை மறுக்க முடியாது. இருமலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு, வேறு கொடுங்கள் என்று திருப்பியவர். ஆடி மாசம் கருப்பருக்குப் படையல் போடுகிற சமயம் பார்த்து மாப்பிள்ளை பிரவீன்குமார் லீவு எடுத்து வருவார். பாட்டிலைத் திறந்து முதல் மூடி கருப்பருக்கு. அடுத்தது மாமனாருக்கு. அப்புறம் பாட்டில் அரிசி டிரம்முக்குள் போய்விடும். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விரல். திங்கள் செவ்வாயெல்லாம் மனுஷன் தீப்பொறிக்கும் புகைக்கும் நடுவில் குனிந்து கிடப்பார். வியாழன் வந்தால் முகம் தெளியும். சனிக்கிழமை பாட்டுகூட வரும். அந்த ஒரு விரல் அவரை வாரம் பூராவும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஆடியில் பிரவீன்குமார் கொண்டுவந்த டப்பா தங்கக் கலரில் பளபளத்தது. பாட்டிலை வெளியே எடுத்தால் கொக்கு இளைத்துப் போயிருந்தது. நாலு கோட்டில் கிறுக்கின கொக்கு. கீழே தண்ணீரைக் காணோம். பன்னிரண்டு வருஷம் ஊறினது என்று போட்டிருக்கும் நம்பரையும் காணோம்.

"பன்னெண்டு எங்க மாப்ள?"

"கம்பெனிக்காரன் டிசைன மாத்திட்டான் மாமா. உள்ள இருக்கிறது அதேதான். இப்ப இதுதான் லேட்டஸ்ட்."

ஆவுடையப்பன் வாயில் வைத்தார். புகை வந்தது. வாசலில் நின்று தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி வந்தது. ஆஸ்பத்திரி வாடை இல்லை. கருப்பட்டி இருந்த இடத்தில் சீனிப்பாகு. விழுங்கினார். பீடி பற்றவைக்கிறதுக்குள் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

முன்பெல்லாம் பானைத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் அரிசி களைந்த தண்ணி மாதிரி லேசாக மங்கும். டம்ளரைச் சாய்த்து அந்த மங்கலைப் பார்ப்பதே அவருக்குத் தனிச் சுகம். இதில் எத்தனை சொட்டு விட்டாலும் தெளிவாகவே நின்றது.

மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச வேறு என்ன இருக்கிறது? எத்தனை மணிக்கு வந்தீர்கள், வெயில் எப்படி, பஸ்ஸில் கூட்டமா. அதோடு சரி. இந்தப் பாட்டில்தான் ரெண்டு பேருக்கும் நடுவில் பேச்சு.

"எப்படி மாமா?"

"நல்லாருக்கு மாப்ள."

அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கட்டிப் போட்டது. நல்லாருக்கு என்று சொன்ன பிறகு அடுத்த வருஷமும் அதுதானே வரும்? வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது.

முதலில் அவர் சந்தேகப்பட்டது தன் நாக்கை. சர்க்கரைக்கு மாத்திரை போட ஆரம்பித்திருந்தார். கொரோனாவில் ஒரு மாசம் காப்பிக்கும் கழனித்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்ததும் ஞாபகம் வந்தது. வயசாகிறது, நாக்கு செத்துவிட்டது, அவ்வளவுதான் என்று தேற்றிக்கொண்டார். நாக்குதான் செத்தது என்றால் மனுஷன் யாரைக் கோபித்துக்கொள்வது? அதில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் பீட்டர். சிங்கப்பூரில் ஒரே ரூமில் கிடந்த சினேகிதன். இப்போது புதுக்கோட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். போன பங்குனியில் கட்டிங் வீல் வாங்கப் போன ஆவுடையப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பீட்டர் வீட்டுக்குப் போனார். அவர் சம்சாரம் ஷர்லி மீன் குழம்பு ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டது. டீச்சர் வேலை. ஆவுடையப்பன் மனசில் இருந்ததை அப்போதுதான் முதல் முதலாக வெளியில் சொன்னார்.

பீட்டர் கையை நக்கிக்கொண்டே எழுந்து போய் ஷோகேஸைத் திறந்தார். மாதா சொரூபத்துக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில் எடுத்தார். விமானத்தில் கொடுக்கிற சின்ன பாட்டில். தண்ணீருக்குள் நிற்கிற பழைய கொக்கு. சீல் உடைக்காமல் இருந்தது.

"கடைசியா வரும்போது பிளைட்ல குடுத்தது. அழகா இருக்குன்னு வச்சிருந்தேன். மாதாவே காவல் காத்துருக்கு பாரு."

"டேய், வேணாம்டா. ஷர்லி தேடும்."

"அவ மாதாவத்தான் தொடைப்பா. பின்னாடி என்ன இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்ல. நீட்டு டம்ளர."

ஆளுக்கு ஒரு வாய். அவ்வளவுதான் இருந்தது. ஆவுடையப்பன் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். மங்கியது.

வைக்கோல் புகை. ஆஸ்பத்திரி. கருப்பட்டி. எல்லாம் வரிசையாக, பழைய ஆட்கள் பழைய இடத்தில் வந்து உட்காருகிற மாதிரி வந்து உட்கார்ந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னடா, நாக்கு செத்துருச்சா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். சந்தோஷத்தில் இல்லை.

பீட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சின்ன பாட்டிலைப் படித்தார். "இதுல நாப்பத்தாறு பர்சென்ட்டுன்னு போட்டிருக்கு. உன் வீட்டுப் பாட்டில் போட்டோ இருக்கா?" போனில் இருந்தது. போன ஆடியில் மாப்பிள்ளையோடு எடுத்தது. விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். "நாப்பது. மிச்ச ஆற எவன்டா குடிச்சான்?"

"என்னயவா கேக்குற?"

"பேசாம மருமகன்கிட்ட சொல்லி வேற வாங்கிட்டு வரச் சொல்லு. ஏர்போர்ட்டுல எத்தன தினுசு அடுக்கி வச்சிருக்கான்."

"முடியாதுடா. சத்தியத்துல கொக்குதான இருக்கு."

"அங்கதான் தப்புப் பண்ணுன. எங்க சாமிகிட்ட வந்திருந்தீன்னா திராட்ச ரசத்துக்கு ஒரு வழி விட்டிருப்பாரு." பீட்டர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. நீ சொல்றதப் பாத்தா இப்ப வர்றது கொக்கே இல்லியே. லேபிள் மட்டுந்தான கொக்கு? உள்ள வேற சரக்கு. அப்ப நீ மூணு வருசமா சத்தியத்த மீறிக் குடிச்சுக்கிட்டு இருக்க!" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் ஆவுடையப்பன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே தூக்கிப் பார்த்தார். விரலை மடக்கினார், நீட்டினார். சுண்டுவிரல் கொஞ்சம் மரத்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஊர் வந்து சேருகிற வரைக்கும் மடக்கி நீட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரன் தள்ளி உட்கார்ந்தான்.

இறங்கினவர் பட்டறைக்குப் போகவில்லை. பூசாரி வீட்டுக்குப் போனார். ஆண்டியப்பன் ஆட்டுக்குத் தின்ன இலைக்கொழை கட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். ருசி போனது, நம்பர் போனது, தண்ணீர் மங்காமல் போனது, கை மரத்தது வரை. பூசாரி கயிற்றைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆடு மிரண்டது.

"ஏம்ப்பா, வருசா வருசம் மொத மூடி கருப்பருக்குத்தான ஊத்துற? அவரு வேணாம்னு துப்புனாரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? அவருக்கு அதுவும் கொக்குதான். ஒங்கையி ஒண்ணும் ஆகாது. போ."

"ஆனா எனக்கு எறங்கலண்ணே. கொக்குன்னு சொன்னத வேற பேருக்கு மாத்திச் சொல்ல வழி இருக்கா? பூக்கட்டிப் போட்டுக் கேட்டுப் பாப்பமா?"

பூசாரி சிரிப்பை விட்டுவிட்டார். "பூப்போட்டுக் கேக்கறதுக்கு இதென்ன கல்யாணமா? சூடத்துல கை வச்சது நீ மட்டுமா? தங்கச்சியுமில்ல வச்சுச்சு. ரெண்டு கையால கட்டுனத ஒத்தக் கையால அவுக்க முடியாது. அது வந்து கருப்பருக்கு முன்னால சரின்னு சொன்னா நான் சூடம் ஏத்துறேன். இல்லாட்டி இந்தப் பக்கம் வராத."

வீட்டில் அமிர்தவல்லி விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் எதிரில் உட்கார்ந்து ரெண்டு கடலை உடைத்தார். மூன்றாவது கடலையில் சொல்லிவிட்டார்.

அவள் கை நின்றது.

"நல்லா இல்லையா? எம்புட்டு நாளா?"

"மூணு வருசமா."

"மூணு வருசமா நல்லா இல்லாததையா கண்ண மூடி மூடிக் குடிச்சீங்க?"

"வேற நல்ல சரக்கு இருக்கு அமிர்தம். அதே நாட்டுது. அதே ஒரு பாட்டில், அதே ஒரு விரல். பேர மட்டும் மாத்திச் சொல்லிட்டா..."

இந்த இடத்தில் அவள் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தார். கோபத்துக்கு என்ன சொல்வது என்று பஸ்ஸிலிருந்தே யோசித்தும் வைத்திருந்தார். அவள் கோபப்படவில்லை. பயந்துவிட்டாள். கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டுவிட்டு அவர் முகத்தை, எப்போதோ காணாமல் போய்த் திரும்பி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இன்னிக்குக் கொக்கு நல்லா இல்லங்கிறீங்க. நாளைக்கு அந்த வேற ஒண்ணும் நல்லா இல்லம்பீங்க. அதுக்கும் ஒரு சூடம். அப்புறம் ஒரு நாளு கடச்சரக்கே தேவலைம்பீங்க. அதுக்கும் ஒண்ணு ஏத்தச் சொல்லுவீங்களா?"

"நான் அப்படிச் சொல்வேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. நாக்கு சொல்லும்." தணிந்த குரலில் சொன்னாள். "அந்த ஞாயித்துக்கெழம வரும்னுதான் மத்த நாளெல்லாம் நீங்க ஒழுங்கா இருந்தீங்க. எனக்குத் தெரியாதா? சனிக்கெழம நீங்க பாட்டுப் பாடுனா நான் அடுப்படில நின்னு கும்புட்டுக்குவேன். அது போச்சுன்னா ஒங்கள எதுங்க பிடிச்சு வைக்கும்?"

"அதான் சொல்றேன், நல்லதா ஒண்ணு..."

"வேணாம். ஒண்ணு, அதையே குடிங்க. பிடிக்கலையா, நாளைக்கே வாங்க, போயி முழுசாச் சொல்லிட்டு வந்துருவோம். எதுவுமே வேணாம்னு. வேற பேருக்கு நான் கை வைக்க மாட்டேன்."

கடலையை மறுபடி உடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆவுடையப்பன் அன்றைக்கு எழுந்து போனவர் ஒரு வாரம் அதையேதான் யோசித்தார். முழுசாக விட்டுவிடலாம். விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது. ஏழு நாளும் திங்கள்கிழமையாகவே கிடக்கும். விடாமல் குடிக்கலாம். குடித்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சீனிப்பாகை வாயில் வைத்துக்கொண்டு, பீட்டர் வீட்டில் குடித்த அந்த ஒரு வாயை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பீட்டர் வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். செத்த நாக்கோடு நிம்மதியாக இருந்திருப்பார். ரோட்டோரம் யார் வீட்டுக்கோ கிராதிக் கூண்டு அடித்துக்கொண்டிருந்தவர், நாலு பக்கமும் கம்பி வைத்து முடித்த பிறகுதான் தான் உள்பக்கம் நிற்பதைக் கவனித்தார். வேலைக்கு வந்தவன் சிரித்துவிட்டான். அவன் மேல் எரிந்து விழுந்தார்.

ஒரு நாள் பொன்னமராவதிக்குக் கம்பி எடுக்கப் போனபோது சரக்குக் கடைக்கு எதிர்ச்சாரியில் நின்றார். அங்கே ஒருத்தன் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, மூக்கைப் பிடித்து, ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, ஊறுகாயை நக்கிக்கொண்டு நிம்மதியாகப் போனான். ருசி கெட்டுப்போச்சு என்று அவனுக்கு என்றைக்கும் வருத்தம் வரப் போவதில்லை. அவனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. கால் ரோட்டைத் தாண்ட ஒரு எட்டு எடுத்து வைத்தது. அப்போது சுண்டுவிரல் மறுபடி மரத்தது. மரத்ததா, மரத்த மாதிரி இருந்ததா தெரியாது. திரும்பிவிட்டார்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அமிர்தவல்லி கிட்டே வந்து சும்மா நின்றுவிட்டுப் போக ஆரம்பித்தாள். மோந்து பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

ஆடி வந்தது. படையல் வந்தது. கிடா வெட்டி, கருப்பருக்கு முன்னால் இலை போட்டு, சுருட்டு வைத்தாயிற்று. பிரவீன்குமார் பையிலிருந்து தங்கக் கலர் டப்பாவை எடுத்தார். அதற்குப் பின்னால் இன்னொன்றையும் எடுத்தார்.

"இந்தத் தடவ ரெண்டு மாமா!"

சொந்தக்காரர்கள் ஓ என்றார்கள். வருஷத்துக்கு ஒன்று என்கிற கணக்கை மாப்பிள்ளையிடம் யாரும் சொன்னதில்லை. ரம்யா போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். முதல் மூடி கருப்பருக்குப் போனது. அவர் வழக்கம்போலத் துப்பவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு பிரவீன்குமார் டம்ளரில் ஊற்றி மாமனாரிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரு கூத்து தெரியுமா மாமா? ஏர்போர்ட்டுல கடைக்காரன், இத எதுக்கு எடுக்குறீங்க, இது முன்ன மாதிரி இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க, இதப் பாருங்கன்னு வேற ஒண்ணக் காட்டுனான். பதினஞ்சு வருசத்துச் சரக்கு. குட்டிக் கப்புல ருசி பாக்கக் குடுத்தான். குடிச்சா, யப்பா, பொகையின்னா பொகை, கடைய விட்டு வந்த பிறகும் நாக்கிலயே நிக்குது."

ஆவுடையப்பன் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார்.

"மருந்து வாட மாதிரி ஒண்ணு வந்துச்சா மாப்ள?"

"ஆமா மாமா! எப்புடிச் சொன்னீங்க? எடுத்துட்டுத்தான் வந்திருப்பேன். எதுக்கும் கேட்டுருவோம்னு அத்தைக்குப் போன் போட்டேன். அவருக்கு இந்தக் கொக்குதான் உசுரு, வேற எதையும் வாங்கிறாதீங்க மாப்ளன்னு ஒரே பிடியா சொன்னாங்க. அதான் உசுருன்னா ஒண்ணென்ன, ரெண்டாவே எடுத்துட்டேன்."

அமிர்தவல்லி கறிச் சட்டியோடு பந்திக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை அடுத்த வருஷம் கட்டாயம் மற்றதைக் கொண்டுவருவார். அவள் அதற்குக் கை வைக்க மாட்டாள். அரிசி டிரம்முக்குள் ஒன்றும் இருக்காது. மற்ற ஆறு நாளும், அந்தக் கடையும், ரோட்டுக்கு எதிர்ச்சாரியும் மட்டும் இருக்கும்.

குடித்தார். சீனிப்பாகு வந்தது. போனது.

"எப்படி மாமா? கடைக்காரன் சொன்ன மாதிரி மாறிப்போச்சா?"

"அவன் கெடக்கான்," என்றார் ஆவுடையப்பன். "அதே ருசி மாப்ள. அட்சரம் மாறல."

"நான் சொல்லல? இனி வருசா வருசம் ரெண்டு மாமா. நீங்க இருக்கிற வரைக்கும் எம்பொறுப்பு."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ரம்யா, "அப்பா, இங்க பாருங்க, இன்னொரு வாய் குடிங்க" என்று போனைக் கிட்டே கொண்டுவந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். திறந்தபோது அமிர்தவல்லி குனிந்து, சட்டியில் தேடி எடுத்த ஈரல் துண்டுகள் எல்லாவற்றையும் அவர் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.